இரண்டு பக்கமும் வேலி

உங்கள் ஜன்னல் ஓரமாகக் காற்று புகுகிறது, சார்ஜன்ட் நைகார்ட். கையை இங்கே வைத்துப் பாருங்கள், தெரியும். சட்டத்தைச் சுற்றி ஒட்டுகிற பஞ்சு நாடா ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், நீங்களே ஒட்டிவிடலாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் புகார் கொடுத்தால் ஏரி உருகின பிறகுதான் ஆள் வருவார். அந்த ஆள் ஏன் இன்னும் வரவில்லை என்று பணிவாகப் பதில் எழுதுவதுதான் இத்தனை வருடமாக என் வேலை.

என் பெயர் லோர்னா ஹாப்பலா. இந்த டுலூத் நகரத்தில் பாதி வாடகை வீடுகளை நிர்வகிக்கும் நிறுவனத்தில் ஹெல்ப் டெஸ்க்கை நடத்துகிறேன். யாரும் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். வக்கீலை வைத்துக்கொண்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்வார். நீங்கள் கேட்கத் தெரியாமல் விட்டதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் வக்கீல் வேண்டாம் என்றேன்.

எங்கள் வாடகை வீட்டில் கொரின் பெல்லாஞ்சர் இறந்தது பற்றிய விசாரணை அறிக்கையைப் பத்திரிகையில் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பக்கச் சுவரில் இருந்த புகைக்குழாய் வாயில் பனி உறைந்து அடைத்துக்கொண்டது, ஹீட்டரின் நச்சுப்புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது, அவள் தூக்கத்தில் இறந்தாள். அவள் கொடுத்த புகாரை எங்கள் ஊழியர் ஜனெல், வேறொரு கட்டடத்தின் பழைய புகார்களோடு சேர்த்துத் தவறுதலாக மூடிவிட்டாள். இதுவரைக்கும் சரி. அதற்கு அடுத்த பத்தியில், தேடும்போது தவறான ஆட்கள் அகப்படாமல் தவிர்ப்பது எப்படி என்று ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அது உண்மை இல்லை. நான் பயிற்சி கொடுத்தேன். அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குடியிருப்பவர் ஒவ்வொருவரையும் எங்கள் மென்பொருள் சில குழுக்களில் வைத்திருக்கிறது. கட்டடம் ஒரு குழு, ஹீட்டர் வகை ஒரு குழு, நாய் வளர்ப்பவர்கள் ஒரு குழு. குழுக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒருவரின் எண்களையெல்லாம் நடுவிலும் இரண்டு முனையிலும் கமா வைத்து ஒரே வரியில் கோத்திருக்கும். 4ஆம் கட்டடத்தில் இருப்பவர்களைத் தேட வெறும் 4 என்று அடித்தால் 14ஆம் கட்டடத்துக்காரரும் வருவார், 24 வருவார், 40 வருவார். அவற்றுக்குள்ளும் ஒரு 4 இருக்கிறதே, இயந்திரத்துக்கு அது போதும். எனக்கு முன்னால் இருந்தவர் இப்படித்தான் ஒரு கட்டடத்துக்கு மட்டும் போக வேண்டிய "நாளை தண்ணீர் வராது" என்ற செய்தியைப் பாதி ஊருக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு டுலூத்தில் குளியல்தொட்டி நிரம்பாத வீடு இல்லை.

நான் வந்துதான் அதற்கு வழி கண்டுபிடித்தேன். எண்ணுக்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா. அப்படித் தேடினால் 4 மட்டும்தான் வரும், 14 எட்டிக்கூடப் பார்க்காது. அதற்கு வேலி என்று பெயர் வைத்தேன். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். ஜனெல் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள். "வேலி போட்டாச்சா?" என்று ஸ்டிக்கர் அச்சடித்து எல்லோர் திரையிலும் ஒட்டினாள். எனக்கு வேலிக்காரி என்று பெயர். என் பிறந்தநாளுக்கு ஒரு காபிக் கோப்பை கொடுத்தார்கள், கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒரு கமா, அந்தப் பக்கம் ஒரு கமா. இந்த நிறுவனத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. பயிற்சி இல்லையாம்.

வெண்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வெண்டல் என் கணவர். மாகாண நெடுஞ்சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர், இப்போது வேலைக்குப் போவதில்லை. அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறது. உடம்பு அதை வெளியே தள்ளாமல் இருக்கக் காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட வேண்டும், சாகும்வரை. அந்த மாத்திரைக்கு என் வேலையோடு வருகிற இன்சூரன்ஸ்தான் பணம் கொடுக்கிறது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் மாத்திரை போகும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் மேவிஸ் என்று ஒரு பெண்ணை எனக்குப் பழக்கம். அவள் வேலை போனதும் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். அடுத்த முறை நான் போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் பயந்து போனேன், சார்ஜன்ட்.

குளிர்காலம் பாதி போயிருக்கும்போது எங்கள் நிறுவனத்தை வேறொருவர் வாங்கப் போவதாகச் சொன்னார்கள். மேலாளர் கர்ட்டிஸ் எங்களை உட்கார வைத்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது டோனட் வாங்கி வருவார். அன்றைக்கு இரண்டு பெட்டி வாங்கி வந்திருந்தார்.

"வாங்குறவங்க ஒண்ணே ஒண்ணுதான் பாக்கப் போறாங்க," என்றார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எத்தனை டிக்கெட் மூடாம கிடக்குன்னு. இருநூறுக்குக் கீழ இருந்தா ஹெல்ப் டெஸ்க் இங்கயே இருக்கும். மேல போச்சுன்னா டல்லாஸ்ல இருக்கிற அவங்க ஆளுங்க கைக்குப் போயிடும்."

"டல்லாஸ்லயா?" என்றாள் ஜனெல். "அவங்களுக்குப் பனின்னா ஃப்ரிட்ஜுல இருக்கிறதுதான் தெரியும். ஹீட்டர் நின்னு போச்சுன்னு இங்கருந்து எழுதினா ஸ்வெட்டர் போடுங்கன்னு பதில் போடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு புகாரை நாங்கள் டிக்கெட் என்போம், அது திறந்திருக்கும், வேலை முடிந்தால் மூடுவோம். அன்றைக்குத் திறந்து கிடந்தவை முந்நூறுக்கு மேல். வீட்டுக்குப் போனதும் வெண்டல் சோபாவில் இருந்தபடியே கேட்டார்.

"என்ன லோர்னா, என் கிட்னிக்கு இன்னும் வாரன்ட்டி இருக்கா?"

"இருக்கு, இருக்கு. சாப்பிடு."

"முடிஞ்சு போச்சுன்னா முன்னாடியே சொல்லிடு. கழட்டி வச்சுட்டுப் போயிடறேன்."

அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். அன்றைக்கு நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் வேலை செய்தோம். ஆட்களை விரட்டினோம், குழாய் மாற்றினோம், பூட்டு மாற்றினோம். ஆனால் குளிர்காலத்தில் டிக்கெட் வந்துகொண்டேதான் இருக்கும். இந்தப் பக்கம் மூட மூட அந்தப் பக்கம் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தால் இருநூற்றைம்பதுக்கும் மேல். 4ஆம் கட்டடம் கோடையில் தண்ணீர்க் குழாய் வெடித்துக் காலியானது. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் கொடுத்த புகார்கள் மட்டும் அப்படியே கிடந்தன. அவற்றை மூடச் சொல்லிக் கர்ட்டிஸே சொல்லியிருந்தார். ஜனெல் அதற்காக ஒரு தேடலை எழுதி, "காலிக் கட்டடம்" என்று பெயர் கொடுத்துச் சேமித்து வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் வேலி. நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒழுங்காக.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். நான் அந்தத் தேடலைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். வந்தவற்றை எல்லாம் மூடினாலும் இருநூறுக்குக் கீழே இறங்காது. கொஞ்சம்தான் மேலே நின்றது, ஆனால் மேலேதான் நின்றது. அப்புறம் முன்னால் இருந்த கமாவை எடுத்தேன். பின்னால் இருந்ததையும் எடுத்தேன். 14, 24, 40 எல்லாம் உள்ளே வந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தாராளமாகக் கீழே வந்துவிடும்.

என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன், கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். டிக்கெட்டை மூடினால் குடியிருப்பவருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போகும். உங்கள் குறை தீர்ந்ததாகக் கருதுகிறோம், தீரவில்லை என்றால் இதற்குப் பதில் எழுதுங்கள் என்று. பதில் எழுதினால் டிக்கெட் மறுபடி திறந்துகொள்ளும். சொட்டுகிற குழாய்க்காரர் சனிக்கிழமை எழுதுவார், இறுகின கதவுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எழுதுவார். அதற்குள் எண்ணி முடித்திருப்பார்கள். திங்கட்கிழமை நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சரிசெய்வோம். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு நாள் குழாய் சொட்டும், அவ்வளவுதான்.

பொறுப்புள்ளவள் என்பதால் அகப்பட்டவற்றை எல்லாம் படித்துப் பார்த்தேன். குழாய், கதவு, தொலைந்த சாவி, மாடியில் ஓடுகிற பிள்ளைகள். அப்புறம் கொரின் எழுதியது.

கொரினை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, ஆனால் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், தனியாக ஒரு பூனையோடு இருந்தாள். பூனைக்கு டீசல் என்று பெயர். போனில் கூப்பிட்டால் வேலை பாதி, கேலி பாதி.

"லோர்னா, என் வீட்டுக் குழாய் ராத்திரியெல்லாம் பாடுது. குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரே பாட்டு."

"ஆள் அனுப்பறேன், கொரின்."

"போன தடவை அனுப்பின ஆளே இன்னும் வந்து சேரல. வழியில பனியில புதைஞ்சுட்டாரான்னு பாருங்க. பாவம், பொண்டாட்டி புள்ளைங்க தேடும்."

அப்படிப்பட்டவள். ஒரு புகாரை விடவே மாட்டாள், ஆள் வந்து முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் அன்று காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து எழுதியிருந்தாள், யாரும் இன்னும் திறக்கவில்லை. ஹீட்டர் ஓடினால் தலை வலிக்கிறது, வெளியே பேருந்துக்குப் போனால் சரியாகிவிடுகிறது, ஜன்னலில் எல்லாம் ஈரம் வழிகிறது, டீசல்கூடக் குடிகாரன் மாதிரி தள்ளாடி நடக்கிறது, பேருந்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ, எனக்கும் அதுவாக இருக்கும், ஆனாலும் யாரையாவது அனுப்பிப் பாருங்கள் என்று இருந்தது. நச்சுப்புகை அலாரத்தைக் கழற்றிக்கொண்டு போனவர் புதியதை மாட்ட வரவில்லை என்பதையும் கடைசியில் நினைவுபடுத்தியிருந்தாள்.

ஃப்ளூ இல்லை என்று எனக்குத் தெரியும். தலைவலியும் ஹீட்டரும் ஒரே டிக்கெட்டில் வந்தால் பதில் எழுதாதே, போனை எடு, அவர்களை வெளியே வரச் சொல், எரிவாயு நிறுவனத்தைக் கூப்பிடு. அந்த விதியையும் நான்தான் எழுதினேன், ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பயிற்சி இருந்தது என்று அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு தட்டுத் தட்டினால் அது மட்டும் வெளியே வந்துவிடும். விரலை அதன்மேல் வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வேலி போட மறந்த தேடல் என்றால் எல்லாம்தான் அகப்பட வேண்டும். ஒன்று மட்டும் தப்பியிருந்தால், யாரோ உட்கார்ந்து படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தவறு என்று சொன்னால் அது முழுத் தவறாக இருக்க வேண்டும். கொரின் விடமாட்டாள், உடனே பதில் எழுதுவாள், அது மறுபடி திறக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேடலை அப்படியே சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு வெண்டல் முந்தின நாள் சுட்ட மீனை டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்.

திரும்பி வந்து ஜனெலிடம் போனேன்.

"ஜனெல், அந்தக் காலிக் கட்டடம் தேடலை ஓட்டி எல்லாத்தையும் மூடிடு. எனக்குக் கர்ட்டிஸ் கூட வேலை இருக்கு."

"இதோ. வேலியெல்லாம் ஒரு தடவை பாத்துக்கவா?"

"நீ போட்டதுதானே?"

"நான் போட்டதுதான்."

"அப்புறம் என்ன. நாலு மணிக்குள்ள முடி."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் போட்டதுதான். என் பேச்சை நம்பி அவள் மூடினாள், எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. எழுந்து நின்று கைதட்டினாள். "அந்தக் காலிக் கட்டடத்துக்குள்ள இவ்வளவு குப்பையா கிடந்துச்சு?" என்றாள். கர்ட்டிஸ் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

திங்கட்கிழமை காலை கொரினின் வழித்தடத்தில் பிள்ளைகள் தெருமுனையில் நின்றுகொண்டே இருந்தார்கள், பேருந்து வரவில்லை. பள்ளியிலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள், அப்புறம் நீங்கள் கதவை உடைத்தீர்கள். பூனை அவள் காலடியில் கிடந்தது என்று பத்திரிகையில் இருந்தது. அதை மட்டும் போடாமல் இருந்திருக்கலாம்.

ஜனெலை அந்த வாரமே வேலையை விட்டு நீக்கினார்கள். அவள் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. லூத்தரன் தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை, நான் மட்டும்தான் போய் உட்கார்ந்தேன். அதற்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே சமையலறையில் நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"லோர்னா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் வேலி போடலையா?"

"உட்காரு. காபி குடி."

"போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா இப்ப கண்ணை மூடினா போடாத மாதிரி தெரியுது. ரெண்டும் தெரியுது. எனக்குப் பைத்தியம் பிடிக்குது. ஒரு பொம்பளையக் கொன்னுட்டேன் லோர்னா."

"அப்படிச் சொல்லாத. யாருக்கு வேணா நடக்கும்."

"உனக்கு நடக்காது," என்றாள். "உனக்கு ஒருநாளும் நடக்காது."

அது உண்மைதான். கேக் கொஞ்சம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். வெண்டல் வாசல்வரை போய் அவள் காருக்குப் பனி சுரண்டிக் கொடுத்தார். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு ரொம்ப நாள் தாங்க மாட்டா போலிருக்கு. யாராவது அவகிட்ட ஏதாவது சொல்லணும்," என்றார். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவர் விழுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு அறிக்கை வந்தது. பயிற்சி இல்லை என்று படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் ஏதோ ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி. ஜனெல் வேலி போட்டாள். அவள் எப்போதும் போடுவாள். என்னிடம் கற்றுக்கொண்ட யாரும் போடாமல் விட்டதில்லை. அதை எடுத்தவள் நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. அறிக்கை எழுதியவர்களும் கேட்கவில்லை, ஜனெல் மூடியதோடு நிறுத்திக்கொண்டார்கள். காரணம் கிடைத்துவிட்டால் அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. பதிவில் அது இருக்கிறது, என் பெயரோடு.

நாலு மணிக்கு எண்ணினார்கள். இருநூறுக்கு வெகு கீழே இருந்தோம். வாங்குகிறவர்கள் போனிலேயே கர்ட்டிஸிடம் சரி என்று சொல்லிவிட்டார்கள், ஹெல்ப் டெஸ்க் இங்கேயே இருக்கும், எங்கள் வேலைக்கு ஒன்றும் இல்லை. கர்ட்டிஸ் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து பெரிய கேக் வரவழைத்தார். வெள்ளை ஐசிங், அதன்மேல் நீலத்தில் நன்றி என்று எழுதியிருந்தது. நான் வெண்டலைக் கூப்பிட்டு, "வாரன்ட்டி நீட்டிச்சாச்சு," என்றேன். அவர் சிரித்தார். அப்புறம், "நல்ல பொம்பளையாப் பாத்துத்தான் கட்டியிருக்கேன்," என்றார்.

கேக் தட்டோடு என் மேசைக்குத் திரும்பினேன். கொரினின் பதில் வந்திருந்தது. நான் நினைத்தபடியே எழுதியிருந்தாள், அவள் விடுகிறவள் இல்லை. அதை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"லோர்னா, தெரியாம மூடிட்டீங்கன்னு நினைக்கிறேன். ஹீட்டர் அப்படியேதான் இருக்கு. டீசல் எந்திரிக்கவே மாட்டேங்குது. எனக்கும் நிக்க முடியல, கொஞ்சம் படுக்கறேன். உங்க பனியில புதைஞ்ச ஆள் வந்தார்னா கதவைப் பலமாத் தட்டச் சொல்லுங்க."

போன் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எரிவாயு நிறுவனத்தின் எண் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தது, நான் ஒட்டியதுதான். அவர்கள் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். வந்தால் முதலில் கேட்பது, எப்போது புகார் வந்தது, ஏன் மூடினீர்கள் என்பதுதான். கர்ட்டிஸ் தேடலைத் திறந்து பார்ப்பார். வேலி எங்கே என்பார். எல்லோரும் கையில் கேக்கோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வேலிக்காரியின் ஹெல்ப் டெஸ்க்கில் இப்படியா என்பார்கள். என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது திரையில் அந்த ஒரு டிக்கெட்தான் இருந்தது. எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. குறை தீர்ந்தது என்று தட்டி, வார இறுதி நன்றாக அமையட்டும் என்று ஒரு வரி சேர்த்து மூடினேன். அப்புறம் போய் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டேன்.

காரணம் என்ற இடத்தில் கணவரின் மருந்து என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட். எல்லாம் வெண்டலுக்காகத்தான் செய்தேன்.